மூன்றாம் தண்ணீருக்குப் பிறகும் பிள்ளையின் நடையைப் பாருங்கள்

சின்னம்மை இறங்கியதென்று தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலை. நாலரை வயதுப் பேரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மைலோவுக்குக் கை நீட்டினான். கை நேராகத்தான் போனது. கோப்பையை நெருங்க நெருங்க நடுக்கம் கூடி, கைப்பிடிக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் காற்றைப் பிடித்தது. மறுபடி முயன்றான். மைலோ மேசையெல்லாம் ஓடியது. "விளையாடாதடா" என்று அதட்டினேன். அவன் இறங்கி நடந்தான், கால்களை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு. என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "தண்ணி போட்டவன் மாதிரி நடக்கிறான் பாரு" என்றார். இருவரும் சிரித்தோம்.

நான் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) 31 ஆண்டுகள் தாதியாக இருந்தவள். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே சிரித்தேன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அன்று மாலைவரை அசதி என்றே நினைத்திருந்தேன். சாயங்காலம் அவன் சோபாவில் உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. இது 2019 இல் நடந்தது.

அவனுக்கு வந்ததை மருத்துவர்கள் செரிபெல்லர் அட்டாக்சியா என்றார்கள். தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே இருக்கும் சிறுமூளைதான் நம் நடையையும், கை குறிதவறாமல் போவதையும், பேச்சின் சீரையும் பார்த்துக்கொள்கிறது. சின்னம்மைக் கிருமியோடு சண்டைக்குக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமி அடங்கிய பிறகும் ஓயாமல் சிறுமூளையைச் சீண்டிவிடுகிறது. பெரும்பாலும் காரணம் இதுதான். சின்னம்மை கண்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. 10,000 பேரில் ஒருவர் இருவருக்குப் பெருமூளையிலேயே அழற்சி வருகிறது. அது என்செஃபலைட்டிஸ், நம்மவர்கள் மூளைக்காய்ச்சல் என்பார்கள். முதலாவது நம்மைக் கதிகலங்க வைக்கும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுவார்கள். இரண்டாவது உயிரோடு விளையாடுவது. வீட்டில் இருக்கும் நாம் இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நடை மாறினாலும் கிளம்ப வேண்டும், தெளிவு குறைந்தாலும் கிளம்ப வேண்டும்.

நாள்காட்டியில் ஒரு வட்டம்

முதல் கொப்புளம் கண்ணில் பட்ட நாளை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். அங்கிருந்து 21 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். பிள்ளையைக் கண்காணிக்க வேண்டிய காலம் இந்த இரண்டு வட்டங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கொப்புளங்கள் ஒரே நாளில் வந்து முடிவதில்லை. மூன்று முதல் ஐந்து நாள் அலை அலையாகக் கிளம்பும். ஒரு பக்கம் புதிதாக நீர் கோக்கும்போதே இன்னொரு பக்கம் பொருக்குத் தட்டும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லாம் காய்ந்துவிடும். நம் வீடுகளில் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இந்தக் கணக்கோடு பொருந்தித்தான் வருகிறது. முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் முடிந்ததும் "அம்மா இறங்கிட்டா" என்று சொல்லி, வாசலில் செருகிய வேப்பிலையை எடுத்துவிட்டு, அடுப்பில் மறுபடி கடுகு தாளிப்போம். எல்லோரும் அப்பாடா என்று உட்கார்வது அன்றுதான். தள்ளாட்டம் பல பிள்ளைகளுக்குத் தலைகாட்டுவதும் அதே சமயத்தில்தான். முதல் வாரத்தின் பின்பாதியில் வரலாம், இரண்டாம் வாரத்தில் வரலாம், சிலருக்கு மூன்றாம் வாரம்வரை தள்ளிப் போகும். மிக அபூர்வமாகக் கொப்புளம் வருவதற்கு முன்பேகூட வருவதுண்டு.

என் மாமியாருக்கு அப்போது 84 வயது. நான் நடையைப் பற்றிப் பேச்செடுத்ததும், அம்மன் வந்த வீட்டில் குறை பேசுகிறேன் என்று அவருக்கு மனத்தாங்கல். "அத்தை, நீங்க தண்ணி ஊத்துங்க, கூழ் காய்ச்சுங்க, நான் ஒண்ணும் சொல்லலை. அவன் கால் எங்கே போகுதுன்னு மட்டும் என்னோட சேர்ந்து பாருங்க" என்றேன். அப்புறம் என்னைவிட அவர்தான் கவனமாகப் பார்த்தார். தேக்காவில் வாங்கி வந்த வேப்பிலையைத் தடவிக் கொடுப்பதிலோ, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வாளியை வெயில் படும் சன்னலோரம் வைத்துக் குளிப்பாட்டுவதிலோ எந்தக் கெடுதலும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிப்பாட்டினாலும் நல்லதுதான், அரிப்பு அடங்கும். வேப்பெண்ணெயை மட்டும் பிள்ளையின் வாயில் ஊற்றாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

காலையும் மாலையும் இரண்டு நிமிடம்

கொப்புளம் தெரிந்த அன்றே, பிள்ளை ஓரளவு நன்றாக இருக்கும்போதே, கைப்பேசியில் படம் பிடித்துவிடுங்கள். முன்னிருந்து நடந்து வருவது பத்து விநாடி, பக்கத்திலிருந்து பத்து விநாடி, உட்கார்ந்து ஏதாவது பேசுவது பத்து விநாடி. முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடாமல் பாதம் தெரிய எடுக்க வேண்டும். பத்தாம் நாள் சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் கைகொடுக்கும். எங்களிடம் பழைய பிறந்தநாள் படம் ஒன்றுதான் இருந்தது, அதிலும் கேக்தான் அதிகம் தெரிந்தது.

பிறகு தினமும் இரண்டு வேளை விளையாட்டாகவே பார்க்கலாம். வீட்டுத் தரையில் ஓடு பதித்த கோடு இருக்கிறதல்லவா, அதன்மேல் நடந்து வரச் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளை நூல் பிடித்தாற்போல் நடக்காது, அது இயல்பு. நீங்கள் பார்க்க வேண்டியது கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை. வழக்கத்துக்கு மாறாக அகட்டி வைக்கிறதா, திரும்பும்போது தடுமாறுகிறதா, சுவரையோ நாற்காலியையோ தேடுகிறதா? அடுத்து, உங்கள் ஆள்காட்டி விரலைப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நீட்டுங்கள். அது தன் மூக்கைத் தொட்டுவிட்டு உங்கள் விரலைத் தொட வேண்டும், மறுபடி மூக்கு, மறுபடி விரல். விரலை இடம் மாற்றி மாற்றி வையுங்கள், பிள்ளைக்குச் சிரிப்பு வரும். தூரத்தில் ஒழுங்காக வரும் விரல் இலக்கை நெருங்கும்போது நடுங்கினாலோ, தாண்டிப் போனாலோ, அதுதான் நான் மைலோ கோப்பையில் பார்த்தும் பார்க்காமல் விட்டது.

பேச்சையும் கேளுங்கள். என் பேரனுக்குப் பேருந்து எண்கள் என்றால் உயிர். 13, 55, 136 என்று ஒப்பிப்பான். அன்று அவன் சொன்னது இழுத்து இழுத்து, ஒவ்வோர் அசையும் தனியே உடைந்து, தூக்கத்தில் பேசுவதுபோல் வந்தது. ("வாழைப்பழம்" சொல்லச் சொல்லிச் சோதிக்கலாமே என்று என் கணவர் யோசனை சொன்னார். இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல் நல்ல நாளிலேயே தடுமாற்றம், அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.) கண்ணைப் பாருங்கள். ஒரு பொம்மையை இடமும் வலமுமாக மெல்ல நகர்த்தினால் கண் அதன்பின் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வெட்டி வெட்டித் துள்ளினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடக்கத் தொடங்காத குழந்தை என்றால், துணையின்றி உட்கார்ந்த குழந்தை இப்போது சாய்கிறதா, எட்டிப் பிடித்த பொருளைத் தவற விடுகிறதா என்று பாருங்கள். பால் குடிக்க மறுப்பது, கீச்சென்ற வித்தியாசமான அழுகை, உச்சிக்குழி புடைத்து நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த வேளைவரை காத்திருக்க வேண்டாம்.

அசதியா, வேறா?

காய்ச்சலில் கிடந்த பிள்ளை சோர்ந்துதான் இருக்கும். சோர்ந்த பிள்ளை தூக்கச் சொல்லும், படுத்துக்கொள்ளும். ஆனால் நடக்க வைத்தால் மெதுவாகவேனும் நேராக நடக்கும். தள்ளாட்டம் வந்த பிள்ளை அப்படி இல்லை. என் பேரனுக்கு ஓட ஆசை, முகமும் தெளிவாக இருந்தது, கால்தான் ஒத்துழைக்கவில்லை. "பாட்டி, கால் நாட்டியா இருக்கு" என்றான். காலைக் குறும்புக்காரப் பையன்போல் நினைத்து, அதைக் கையால் அடிக்கவும் செய்தான்.

தள்ளாட்டத்தோடு மயக்கமும் சேர்ந்தால் கதை வேறு. எழுப்பினால் விழிக்கவில்லை, விழித்தும் ஆளை அடையாளம் தெரியவில்லை, பிதற்றுகிறது, தலைவலி என்று அழுதபடி திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது, வெளிச்சம் பட்டால் கண்ணை மூடுகிறது, தாடை மார்பைத் தொடாதபடி கழுத்து விறைக்கிறது, வலிப்பு வருகிறது. இவற்றில் ஒன்று போதும், ஆம்புலன்சுக்கான அவசர எண் 995 ஐ அழையுங்கள். கால் இரண்டும் வலுவிழந்து சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, கீழிருந்து மேலாக மரத்துக்கொண்டு வருவது, இவை தண்டுவடத்திலும் நரம்புகளிலும் தொந்தரவு என்பதற்கு அடையாளம். மிக அரிது, ஆனாலும் அன்றே காட்ட வேண்டியது. அடங்கிய காய்ச்சல் நாலைந்து நாள் கழித்து மறுபடி ஏறினாலும் விட்டுவிடாதீர்கள். நரம்புக் கோளாறாக இல்லாவிட்டாலும் கொப்புளத்தில் சீழ் பிடித்திருக்கலாம், நெஞ்சில் சளி கட்டியிருக்கலாம்.

இங்கே பல பெற்றோரைக் குழப்புவது அரிப்பு மருந்து. சின்னம்மைக்கு மருந்தகத்தில் கொடுக்கும் குளோர்ஃபெனிரமைன் போன்ற மருந்துகள் தூக்கம் வரவழைப்பவை. பிள்ளை மருந்தால் தூங்குகிறதா, மூளை மந்தமாகித் தூங்குகிறதா என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு வேளை மருந்தையும் மணியோடு எழுதி வையுங்கள். மருந்து கொடுத்து ஏழெட்டு மணி நேரம் ஆன பின்னும் பிள்ளையை உசுப்பி எழுப்ப முடியவில்லை என்றால் பழியை மருந்தின்மேல் போடாதீர்கள். சொல்லப்போனால், எழுப்பவே முடியாத பிள்ளைக்கு அந்த ஏழெட்டு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

கொடுக்கக் கூடாதவை

முதலில் ஆஸ்பிரின். சின்னம்மையோ சளிக்காய்ச்சலோ கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரை சிண்ட்ரோம் என்ற கொடிய கோளாறு வரக்கூடும். 1963 இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரை விவரித்ததால் அந்தப் பெயர். நோய் தேறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஓயாத வாந்தி, பிறகு சோம்பல், குழப்பம், வலிப்பு. கல்லீரல் கெட்டு, மூளை வீங்கும். நம் வீடுகளில் யாரும் பிள்ளைக்கு வேண்டுமென்று ஆஸ்பிரின் கொடுப்பதில்லை. தாத்தாவின் இதய மாத்திரை குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கும், தண்ணீரில் கரைக்கும் தலைவலி மாத்திரை ஊரிலிருந்து வந்த பையில் கிடக்கும், யாரோ பாதியை உடைத்துக் கரைத்துவிடுவார்கள். உறை மேல் ஆஸ்பிரின், அசிட்டில்சாலிசிலிக், சாலிசிலேட் என்ற சொற்களைத் தேடுங்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் தேய்க்கும் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் உண்டு. சின்னம்மை காலத்தில் பிள்ளைமேல் அவற்றைத் தேய்க்காமல் மூடி வைப்பது நல்லது, கொப்புளத்தில் பட்டால் எரிச்சலாவது மிஞ்சும். கவாசாக்கி போன்ற நோய்க்காக மருத்துவரே தினசரி ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்த பிள்ளை என்றால், நீங்களாக நிறுத்தாமல், சின்னம்மைக்காரர் பக்கத்தில் போன அன்றே அந்த மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

இப்போது வேப்பெண்ணெய். நம் சமூகத்தில் சளிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் இருந்தது. 1981 இல் மலேசிய மருத்துவர்கள், அப்படிப் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு ரை சிண்ட்ரோம் போலவே வாந்தி, மயக்கம், வலிப்பு வந்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள். இலை வேறு, எண்ணெய் வேறு. இலையைத் தோலில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் உள்ளே போக வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. 16 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 160 இலிருந்து 240 மில்லிகிராம். ஆனால் புட்டியைப் பாருங்கள். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள மருந்தும் கிடைக்கிறது, 250 உள்ளதும் கிடைக்கிறது. முதல் புட்டியில் 10 மில்லிலிட்டர் என்றால் 240, சரி. அதே 10 மில்லிலிட்டரை இரண்டாம் புட்டியிலிருந்து ஊற்றினால் 500, இரண்டு மடங்குக்கும் மேல். பணிப்பெண், பாட்டி, அம்மா என்று மூன்று பேர் மாறி மாறிக் கொடுக்கிற வீட்டில் ஒரே புட்டிதான் வெளியே இருக்க வேண்டும். ஐபுப்ரோஃபன் வேண்டாம். சின்னம்மையோடு அதைக் கொடுத்த பிள்ளைகளிடம் தோலுக்கு அடியில் கடுமையான பாக்டீரியாத் தொற்று அதிகம் காணப்பட்டதால் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

வலிப்பு வந்தால்

சாவியைத் தேடாதீர்கள். கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று என் மாமியார் காலத்திலிருந்து சொல்கிறார்கள். அந்த அரை நிமிடத்தில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கலாம். வாந்தியோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழியட்டும். வாயில் கரண்டி, விரல், துணி எதுவும் வைக்கக் கூடாது, தண்ணீர் புகட்டக் கூடாது, கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள், வேறு யாராவது படம் பிடிக்கட்டும். ஐந்து நிமிடம் தாண்டும் வலிப்பு அவசர நிலை. சின்னம்மை வந்த பிள்ளைக்கு முதல்முறை வலிப்பு என்றால் ஐந்து நிமிடக் கணக்கும் வேண்டாம், உடனே 995.

மருத்துவமனைக்குப் போகும்போது

நாங்கள் கேகே மருத்துவமனையின் சிறுவர் அவசரசிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். இரவு பத்து மணிக்கும் கூட்டம். உட்கார்வதற்கு முன்பே பதிவு செய்யும் இடத்தில் "சின்னம்மை, எட்டாம் நாள், நடை தள்ளாடுகிறது" என்று சொல்லிவிட்டேன். இது முக்கியம். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து கடைசிப் பொருக்கு காயும்வரை சின்னம்மை காற்றிலேயே பரவும். அங்கே புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையும் இருக்கலாம், கர்ப்பிணி அம்மாவும் இருக்கலாம். அவர்களுக்கு இது விளையாட்டு நோயல்ல. எங்களைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள்.

கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. முதல் கொப்புளம் என்று? தடுப்பூசி போட்டாயிற்றா? கடைசியாக எந்த மருந்து, எத்தனை மணிக்கு? தலையில் அடி பட்டதா? வீட்டில் யாராவது தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறார்களா, பிள்ளையின் கைக்கு எட்டுமா? கடைசிக் கேள்விக்கு என் மருமகள் முகம் சுளித்தாள், எங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று. அப்படியில்லை. பெரியவர்களின் மாத்திரையை மிட்டாய் என்று விழுங்கிய பிள்ளையும் இப்படியேதான் தள்ளாடும், அதனால்தான் சிறுநீரையும் சோதிப்பார்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளின் பட்டியலையோ உறைகளின் படத்தையோ கையோடு கொண்டு போனால் இந்த வேலை சீக்கிரம் முடியும்.

எல்லாப் பிள்ளைக்கும் தலையை ஸ்கேன் எடுப்பதில்லை, முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதும் இல்லை. பிள்ளை தெளிவாக இருந்து, சின்னம்மையும் கண்ணுக்குத் தெரிந்தால் பல நேரம் பரிசோதனையும் கண்காணிப்புமே போதும் என்பார்கள். மயக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு இருந்தால் இவை வேண்டியிருக்கும். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டால் அசைக்ளோவிர் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். வெறும் தள்ளாட்டத்துக்கு அந்த மருந்தால் பயன் உண்டு என்று நிரூபணமாகவில்லை. "மருந்தே தராமல் படுக்க வைத்திருக்கிறார்களே" என்று இரண்டாம் நாள் என் மகன் கொதித்தான். பார்த்துக்கொண்டிருப்பதும் சிகிச்சைதான் என்று தாதியாக இருந்த அம்மா சொன்னால் எந்த மகன் கேட்பான்? மருத்துவர் வந்து அதையே சொன்னதும் கேட்டுக்கொண்டான்.

வீடு திரும்பிய பின்

இரண்டு இரவு கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு முதல் நாலு வாரத்தில் தேறுவார்கள், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். எங்கள் பையன் 17 நாளில் வீட்டுக்குள் நேராக நடந்தான். படியிறங்க ஐந்து வாரம் ஆனது. பந்து பிடிப்பதும் கோட்டுக்குள் வண்ணம் தீட்டுவதும் கடைசியாகத்தான் திரும்பின.

அதுவரை கட்டில் வேண்டாம், மெத்தையைத் தரையில் போடுங்கள். சன்னல் கம்பிக்கதவு பூட்டியிருக்க வேண்டும். குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்தே குளிப்பாட்டுங்கள். காலுறை வழுக்கும், வெறுங்கால்தான் நல்லது. மூடி போட்ட கோப்பை, கைப்பிடி தடித்த கரண்டி, பிசைந்து உருட்டிய சோறு. கீழ்த்தளத்து விளையாட்டுத் திடலும் சைக்கிளும் கொஞ்ச நாள் இல்லை. மின்தூக்கி வரும்வரை கையை விடாதீர்கள். தள்ளாட்டம் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல, பொருக்கெல்லாம் காய்ந்ததும் பாலர் பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விழுந்தால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். பெரியவர்களான நாங்களே சிரித்தோமே.

இன்னொரு வட்டமும் நாள்காட்டியில் வேண்டும், ஆறு மாதம் தள்ளி. சின்னம்மைக் கிருமி அபூர்வமாக மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரைத் தாக்கிப் பக்கவாதம் வரவழைக்கிறது. சின்னம்மைக்குப் பிந்திய முதல் ஆறு மாதத்தில் பிள்ளைகளுக்குப் பக்கவாத ஆபத்து நான்கு மடங்காக இருந்ததை 2014 இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. பிள்ளைகளுக்குப் பக்கவாதம் வருவதே மிக அரிது, அதில் நான்கு மடங்கும் அரிதுதான். அதனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு நாள் திடீரென்று ஒரு பக்கக் கை தொய்ந்தாலோ, சிரிக்கும்போது வாய் கோணினாலோ, பேச்சு நின்றாலோ, 995 ஐ அழைத்து, "மூன்று மாதத்துக்கு முன் சின்னம்மை வந்தது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தழும்பே மறைந்துபோன பிறகு மருத்துவருக்கு அது எப்படித் தெரியும்?

ஊசி

என் பேரன் பிறந்த காலத்தில் சின்னம்மைத் தடுப்பூசி தேசியப் பட்டியலில் இல்லை, விரும்பினால் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வது. "எல்லோருக்கும் வந்து போவதுதானே" என்று மகனும் மருமகளும் விட்டார்கள், நானும் வற்புறுத்தவில்லை. 2020 நவம்பரிலிருந்து அது தேசியச் சிறார் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது, 12 மாதத்தில் ஒன்று, 15 மாதத்தில் ஒன்று. குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் கட்டணம் இல்லை. இரண்டும் போட்ட பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் சின்னம்மை வராது, மீறி வந்தாலும் பெரும்பாலும் 50 கொப்புளத்துக்குள் அடங்கும்.

அதற்கு முன் பிறந்து இப்போது தொடக்கப்பள்ளியிலும் உயர்நிலையிலும் இருக்கும் பிள்ளைகள்தான் இடையில் விட்டுப்போனவர்கள். சுகாதாரக் கையேட்டையோ ஹெல்த்ஹப் செயலியையோ திறந்து இரண்டு ஊசியும் இருக்கிறதா என்று பாருங்கள். போடாத பிள்ளை சின்னம்மைக்காரரோடு பழகிவிட்டது என்று தெரிந்தால் மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் போட்டாலும் நோயைத் தடுக்கவோ குறைக்கவோ முடியும். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திய ஊசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் போட மாட்டார்கள். ஊசிக்குப் பிறகு ஆறு வாரம் பிள்ளைக்கு ஆஸ்பிரின் சங்கதி எதுவும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? பள்ளியிலிருந்து அல்ல. அதற்குப் பதினைந்து நாள் முன்பு என் கணவருக்கு இடுப்பைச் சுற்றி அக்கி கிளம்பியிருந்தது. சின்னம்மைக் கிருமிதான் அது. சிறுவயதில் வந்தது நரம்பில் பதுங்கிக் கிடந்து வயதான காலத்தில் அக்கியாக எழும்பும். அக்கிக் கொப்புளத்து நீர் பட்டால் தடுப்பூசி போடாத பிள்ளைக்குச் சின்னம்மை வரும். மனிதர் எரிச்சலுக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறியடியில் படுத்திருப்பார், பேரன் அவர் வயிற்றின்மேல் ஏறிப் பேருந்து ஓட்டுவான். கட்டுப் போட்டு மூடச் சொல்லியும் கேட்கவில்லை. அக்கிக்கும் இப்போது தடுப்பூசி இருக்கிறது, இரண்டு முறை போட வேண்டும். நானும் ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்.